தானாக ஓடும் வண்டி, ஆள் இறங்கும் குழி

‘தானாக’ என்கிற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தானாக ஓடும் கார், தானாக எரியும் தெருவிளக்கு, தானாகப் படம் பிடித்து அபராதம் அனுப்பும் கேமரா. ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட் சிட்டி’ என்றும் சர்க்கார் தமிழில் ‘சீர்மிகு நகரம்’ என்றும் சொல்லப்படுகிற சொல்லாடல் முழுவதும் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வேலை நடக்கும், வேலை செய்கிற ஆள் கண்ணில் படமாட்டான். இதுதான் அது காட்டுகிற கனவு.

இந்தக் கனவு உலகத்துக்கு வேண்டுமானால் புதுசாக இருக்கலாம். தாமிரபரணிக் கரைக்கு இது ரொம்பப் பழசு. பாபநாசத்தில் இறங்கி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலை நனைக்கிற ஆற்றின் பெருமையைப் பாடியவர்களுக்கு நெல் தானாகத்தான் விளைந்தது. ராத்திரியில் மண்வெட்டியோடு மடை பார்க்கப் போனவன் அதில் இல்லை. இடுப்பு ஒடிய நாற்று நட்டவள் அதில் இல்லை. “எல்லாம் தானா நடக்குன்னு சொல்லுதாவ. தானா எது வே நடக்கு?” என்று கேட்க அந்தப் பாட்டில் யாருக்கும் வாய் கொடுக்கப்படவில்லை.

இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கலாம். 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழ் திருநெல்வேலி ஜில்லாவைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. தீண்டத்தகாதவர் மட்டுமல்ல, காணத்தகாதவர் என்றே ஒரு கூட்டத்தார் இந்த ஜில்லாவில் இருக்கிறார்கள் என்றது அது. புதிரை வண்ணார் மக்களைத்தான் சொன்னது. பகலில் அவர்கள் வெளியே வரக்கூடாது. பார்த்தாலே தீட்டு. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில்தான் அவர்கள் துணி வெளுக்க வேண்டும். விடிந்து பார்த்தால் துணி வெள்ளையாக இருக்கும், வெளுத்தவன் இருக்கமாட்டான். இந்த ஜில்லா கண்ட முதல் தானியங்கி எந்திரம் அதுதான். ரத்தமும் சதையுமான எந்திரம்.

அவர்கள் வெளுத்தது யார் துணியை? பார்ப்பானுடையதை அல்ல, பண்ணையாருடையதை அல்ல. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மற்றச் சாதிகளின் துணியை. அதாவது நம்முடைய துணியை. 1994-ல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது நமக்குள் நடந்த சண்டையை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளை மறைத்துவிட்டு வேலையை மட்டும் வாங்கிக்கொள்கிற புத்தி மேலிருந்து கீழ்வரை ஊறிக் கிடக்கிறது. ‘தானாக’ என்ற சொல்லை எங்கே கேட்டாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே மறைக்கப்பட்ட ஆள் யார்?

நகரத்தையே ஆள் இல்லாமல் ஓட்டினார்கள்

ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2015 ஜூன் 25-ல் அறிவிக்கப்பட்டது. நாடு முழுக்க 100 நகரங்கள். 2017 ஜூனில் வந்த மூன்றாம் சுற்றுப் பட்டியலில் திருநெல்வேலி இடம் பெற்றது. தூத்துக்குடி, திருச்சி, திருப்பூரும் அதே பட்டியலில்தான். ஒரு நகரத்துக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி ரூபாய் வரை, மாநிலத்தின் பங்கு அதே அளவு. இந்தப் பணத்தைச் செலவு செய்தது மாநகராட்சி மன்றம் அல்ல. கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்யப்பட்ட ‘திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி லிமிடெட்’. நகரத்துக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஓர் அதிகாரி.

அந்த நேரத்தில் மாநகராட்சி மன்றம் எங்கே இருந்தது? இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் 55 வார்டிலும் கவுன்சிலர் கிடையாது. நகரத்தை எப்படி மாற்றுவது, எந்தத் தெருவுக்குப் பணம், எந்தத் தெருவுக்கு இல்லை என்று திட்டம் தீட்டி வேலை தொடங்கியது அந்தக் காலத்தில்தான். ஓட்டுநர் இல்லாத கார் வருகிறதோ இல்லையோ, ஓட்டுப் போட்டவன் இல்லாத நகரம் வந்துவிட்டது. தனித் தொகுதி வார்டில் நின்று ஜெயித்து, ‘எங்க தெருவுக்கு என்ன?’ என்று கேட்டிருக்க வேண்டிய ஒரு தலித் பெண் கவுன்சிலரின் நாற்காலி அந்த வருஷமெல்லாம் காலியாகக் கிடந்தது.

விளைவு என்ன? 2018 முடிவில் இடிப்பதற்காக மூடிய ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் வருஷக்கணக்கில் திறக்கப்படவில்லை. நகரத்துச் சாக்கடை தாமிரபரணியில் கலப்பது நிற்கவில்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அதற்காக நடந்த வழக்கில், 2024 நவம்பரில் நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தார்கள். 2025 மார்ச் 31-ல் ஸ்மார்ட் சிட்டித் திட்டமே முடிந்துபோனது. நகரம் சீர்மிகுந்துவிட்டது என்று ஏட்டில் எழுதி மூடியாகிவிட்டது. சாக்கடை மட்டும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள் என்பதற்குப் பின்னால் வருவோம்.

வண்டிக்குள்ளே யார்?

தானோட்டி வண்டி என்பது என்ன? சுற்றிலும் கேமரா, ரேடார், ஒளிக்கதிர் வீசித் தூரம் அளக்கிற லிடார். இவை அனுப்புகிற படங்களைப் பார்த்து இது மரம், இது மாடு, இது மனுஷன் என்று கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரிக்க அதற்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? லட்சக்கணக்கான படங்களில் ஒவ்வொன்றாக மனுஷனைச் சுற்றிக் கட்டம் போட்டு ‘இது மனுஷன்’ என்று எழுதிய ஆட்கள். கொல்கத்தாவிலும் புவனேஸ்வரத்திலும் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்து கட்டம் போட்டவர்களில் நம் நாட்டு ஏழைப் பெண்கள் உண்டு. அமெரிக்காவில் ‘க்ரூஸ்’ கம்பெனியின் ஆளில்லாத டாக்சிகள் ஓடியபோது, சிக்கலான இடங்களில் தூரத்து அறையில் உட்கார்ந்த ஆட்கள் உதவினார்கள் என்பது 2023-ல் வெளியே வந்தது. வண்டியில் ஆள் இல்லாமல் இல்லை. ஆளை வண்டியிலிருந்து எடுத்துக் கண் காணாத இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். புதிரை வண்ணாரை ராத்திரிக்குள் உட்கார வைத்த மாதிரி.

அந்த வண்டி தப்புச் செய்தால்? 2018 மார்ச் 18-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரத்தில், உபர் கம்பெனி சோதித்துப் பார்த்த தானோட்டிக் கார் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றது. வீடில்லாத பெண். ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது இது: அந்த எந்திரம் அவளைத் தெரியாத பொருள் என்றது, வாகனம் என்றது, சைக்கிள் என்றது. மனுஷி என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. கடக்கும் கோட்டுக்கு வெளியே மனிதர்கள் நடப்பார்கள் என்று அதற்குச் சொல்லியே கொடுக்கவில்லை. கடைசியில் கம்பெனி மேல் கிரிமினல் வழக்கு இல்லை. வண்டியில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த கூலித் தொழிலாளிதான் குற்றவாளி ஆனாள். 2023-ல் அவளுக்கு மூன்று வருஷ நன்னடத்தைத் தண்டனை.

இந்தக் கதை நமக்கு அந்நியமா? கழிவுநீர்த் தொட்டியில் ஆள் சாகும்போது இங்கே நடப்பதும் இதுதானே. ஆளை இறக்கச் சொன்ன கம்பெனிக்கும் அலுவலகத்துக்கும் ஒன்றும் ஆகாது. மேஸ்திரி மேல் ஒரு வழக்கு, அத்தோடு சரி.

சாலையில் நிற்கிறவன் யார்?

தானோட்டி வண்டிக்குச் சாலையில் நிற்கிற மனிதன் ஒரு தடை. கண்டுபிடிக்க வேண்டிய, விலக வேண்டிய தடை. நம் ஜில்லாவில் அரசாங்கம் நம்மை அப்படிப் பார்த்தது எப்போதிலிருந்து? 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையில் கிடந்தவர்களை விடுவிக்கவும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனோம். சாலையில் நின்றது மனுஷக் கூட்டம் என்று போலீசுக்குத் தெரியவில்லை. தடை என்றுதான் தெரிந்தது. தடியால் அடித்து ஆற்றுக்குள் தள்ளினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. இன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து நகரம் முழுவதையும் கேமராவில் பார்க்கிறார்கள். பார்ப்பது மட்டும் போதுமா? பார்த்ததை மனுஷன் என்று அடையாளம் காண வேண்டும். அது லிடாருக்கும் கஷ்டம், லத்திக்கும் கஷ்டம்.

வண்டிக்குச் சாதி இல்லை என்று படித்த தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். 1997-ஐ நினைத்துப் பாருங்கள். வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்று அரசு அறிவித்தது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் எழுந்தன. தென்மாவட்டங்கள் எரிந்தன. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரைச் சுமக்க முடியாமல் ஒரு மாநிலத்தின் பஸ் எல்லாம் பெயரில்லாமல் போயின. எஞ்சினுக்குச் சாதி இல்லைதான். எஞ்சின் ஓடுகிற ரோட்டுக்கு உண்டு, ஏறுகிறவனுக்கு உண்டு.

ஸ்டீரிங்கும் குழியும்

இப்போது நேரான விஷயத்துக்கு வருவோம். மத்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் சொன்னார்: ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று. நல்ல பேச்சுத்தான். நம் பையன்கள் ஹெவி லைசென்ஸ் எடுத்து ஸ்டீரிங்கைப் பிடித்தது ஒரு தலைமுறைக் கதை. மாட்டு வண்டியில் கூட ஏறக்கூடாது, சைக்கிளில் ஊர்த்தெருவைக் கடந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்று இருந்த இடத்திலிருந்து வந்து, ஐம்பது பேரை உட்கார வைத்து ஓட்டுகிற கௌரவம் அது. அதை எந்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. கார் வராவிட்டாலும் ரயில் வந்துவிட்டது. 2020 டிசம்பரில் டெல்லி மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான அப்படிப்பட்ட முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

பாதாளச் சாக்கடைக்கு இந்த அவசரம் உண்டா? உலர் கழிப்பிடத்தில் கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1993-ல் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013 சட்டம் சொன்னது. செத்தால் 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. 30 லட்சம் என்றது 2023 அக்டோபர் தீர்ப்பு. 2021-ல் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் சொன்னார்கள். கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லையாம். சாக்கடையையும் தொட்டியையும் அபாயகரமாகச் சுத்தம் செய்ததில் 1993 முதல் 941 பேர் செத்தார்களாம். சொல்லை மாற்றினால் பிணம் குறையும் என்கிற இலக்கணத்தை எந்தப் புலவரிடம் கற்றார்களோ. அந்தக் கணக்கில் தமிழ்நாடுதான் முதலிடம். இருநூறுக்கு மேல். பெரியார் பிறந்த மண் என்று மேடையில் பேசுகிறோம்.

எந்திரம் இல்லாமலா? இருக்கிறது. 2018-ல் திருவனந்தபுரத்தில் இளம் எஞ்சினியர்கள் ஒரு ரோபோவைச் செய்தார்கள். மேன்ஹோலுக்குள் கால்களை ஊன்றி இறங்கி, கேமராவால் பார்த்து, கையால் சகதியை அள்ளி வாளியில் போடுகிற எந்திரம். அந்த வருஷமே கும்பகோணத்துக்கும் வந்தது. அதற்கு வைத்த பெயர் ‘பேண்டிகூட்’. பெருச்சாளி. பன்றியையும் எலியையும் சேர்த்துச் சொல்லும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்த பெயர். செய்தவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், நம் வேலையைச் செய்ய வந்தால் எந்திரத்துக்கும் அந்தப் பெயர்தான் கிடைக்கிறது.

அதே திருவனந்தபுரத்தில், 2024 ஜூலையில், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இறக்கப்பட்டார். மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவரைத் தேட ரோபோவைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் பிணம்தான் கிடைத்தது. ரோபோ பிறந்த ஊரிலேயே குப்பை அள்ள மனுஷன் போனான், மனுஷன் பிணத்தைத் தேட ரோபோ போனது. இந்த வரிசையை மாற்றுவதுதான் நம் அரசியல்.

எந்திரம் ஏன் வரவில்லை?

விஞ்ஞானம் வளரவில்லை என்று சொல்ல முடியாது. கண்ணாடியும் சிலிக்கானும் தூசு படாமல் கையாளும் டாடாவின் சோலார் ஆலை கங்கைகொண்டானில் 2025 பிப்ரவரியில் திறப்பு விழா கண்டது. வருஷத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் செய்யும் ஆலை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தது. சூரியனைப் பிடிக்கத் தெரிந்த பள்ளத்தாக்கில் சகதியை அள்ளும் எந்திரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

முதலாளி எப்போது எந்திரம் வாங்குவான்? கூலியை விட எந்திரம் மலிவாக இருந்தால் வாங்குவான். சாதி செய்வது என்ன? சில வேலைகளுக்குக் கூலியை ஏறவிடாமல் தரையோடு அழுத்தி வைக்கிறது. டீசல் வேண்டாம், ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டாம், ரிப்பேர் செலவு கிடையாது. எந்திரம் பழுதானால் புது எந்திரத்துக்கு டெண்டர் விடணும். இங்கே அப்பன் செத்தால் மகன் வருவான். சாதிதான் இந்த நாட்டின் மிகப் பழைய, மிக மலிவான டெக்னாலஜி. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை வேறு டெக்னாலஜி வாங்க அவசியம் வராது. நிரந்தர வேலையை ஒழித்துக் குத்தகைக்கு விடுவது அந்தப் பழைய எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. 2022 அக்டோபரில் தமிழக அரசு போட்ட 152-ஆம் எண் அரசாணை மாநகராட்சிகளின் கடைநிலை வேலைகளை வெளியாட்களுக்கு விட வழி திறந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை, பெரும்பாலும் பெண்களை, நடுராத்திரியில்தான் போலீஸ் அகற்றியது. மறுபடியும் ராத்திரி. விடிந்து பார்த்தால் தெரு சுத்தமாக இருக்க வேண்டும்.

நமக்குள் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, எந்திரமே வேண்டாம், பொழப்பு போயிரும் என்பது. இன்னொன்று, எந்திரம் வந்தால் சாதி தானாக ஒழியும் என்பது. மறுபடியும் ‘தானாக’! அண்ணல் அம்பேத்கர் 1945-ல் காந்தியத்தை விமர்சித்து எழுதியபோதே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். மனிதனை மிருக வாழ்விலிருந்து விடுவிக்கவும் அவனுக்கு ஓய்வு தரவும் எந்திரம் தேவை என்றார். தீமை எந்திரத்தில் இல்லை, எந்திரத்தின் பலனைச் சிலர் மட்டும் அனுபவிக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். ஆக, கேள்வி எந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. எந்த வேலைக்கு முதலில், யார் கையில் என்பதுதான்.

யார் கையில் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. ‘ஹோமோசெப்’ என்ற எந்திரத்தைச் செய்தது. தொட்டிக்குள் கத்திகளை விரித்துச் சுழற்றிக் கெட்டிச் சகதியைக் கரைத்து உறிஞ்சுகிற எந்திரம். 2022-ல் தமிழ்நாட்டில் அதை முதலில் பெற்ற சுயஉதவிக் குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர்கள், இதே குழியில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள். 2019-ல் டெல்லியில் 200 கழிவகற்றும் வண்டிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கே சொந்தமாக்கி ஒப்பந்தமும் கொடுத்தார்கள். இதிலும் பள்ளம் உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரன் ஆனாலும் சாக்கடைத் தொழிலிலேயே அந்தச் சாதியைக் கட்டிப்போடுவது நடக்கலாம். ஆனாலும் உயிர் போகாது, லாபம் குத்தகைக்காரனுக்குப் போகாது. முதல் படியாக வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறை சோலார் ஆலைக்குள் போகட்டும், கார் ஆலைக்குள் போகட்டும், அந்த எந்திரத்துக்கு நிரல் எழுதட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாமல் அது நடக்காது.

தோழர்களுக்கு ஒரு கசப்பான வார்த்தை. குழியில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். 2009-ல் அவர்களுக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது எதிர்த்தவர்கள் நமக்குள்ளேயே இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ‘தலித்’ என்ற பெரிய சொல்லுக்குள் அவர்களை மறைத்துவிட்டு விடுதலை பேசினால், நாமும் தானோட்டி வண்டியைத்தான் ஓட்டுகிறோம்.

செய்ய வேண்டியது கையளவு வேலைதான். நெல்லை மாநகராட்சியிலும் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒவ்வொரு நகராட்சியிலும் பேரூராட்சியிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய எத்தனை எந்திரம் இருக்கிறது, அதில் எத்தனை ஓடுகிறது, போன வருஷம் எத்தனை நாள் ஓடியது, ஓட்டுகிறவருக்கு என்ன சம்பளம், யார் குத்தகைக்காரர், செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் போய்ச் சேர்ந்ததா? எஞ்சினியரிங் படிக்கிற நம் பிள்ளைகள் அந்த எந்திரங்களைப் போய்ப் பார்த்து, ஏன் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எழுதட்டும். எழுத்தாளர்கள் குழியில் இறங்கி ஏறியவரின் வாய்ச்சொல்லை, அவர் சொன்ன பாஷையிலேயே பதிவு செய்யட்டும். வந்த பதிலையும் வராத பதிலையும் இந்த இதழுக்கு அனுப்புங்கள்.